நடந்தே தீரும், செய்தே தீருவேன்

எங்கள் விளையின், அதாவது தோட்டத்தின், கிழக்கு ஓரத்தில் ஒரு அயனி மரம் நிற்கிறது. அதன் மூட்டில் எல்லைக்கல் ஒன்று இருந்தது என்று பாட்டா சொல்வார். அந்தக் கல் எங்கே இருந்தது என்பதற்காக எங்கள் குடும்பம் முப்பது வருடத்துக்கும் மேலாகக் கோர்ட்டுக்கு நடந்தது. மரத்துக்குக் கிழக்கே என்றால் மரம் எங்களுக்கு. மேற்கே என்றால் சின்னப் பாட்டாவின் பிள்ளைகளுக்கு. தகராறில் இருந்த மண் மொத்தம் ஒன்றரை சென்ட்.

வீட்டில் இருக்கும் பழைய ஆதாரம் மலையாளத்தில் எழுதியது. பத்திரத்தை எங்கள் பக்கம் ஆதாரம் என்றுதான் சொல்வோம். தேதியும் கொல்லம் ஆண்டில்தான் இருக்கும். கிழக்கு அதிர், அதாவது எல்லை, இன்னாருடைய விளை என்று அதில் இருக்கிறது. அந்த அதிர் மரத்துக்கு எந்தப் பக்கம் என்று எழுதி வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. கையாலை என்கிற வரப்புச் சுவர்தான் அதிர், அது கண்ணுக்கு நேரே இருந்தது. ஆனால் கையாலை மண். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகாவில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி ஆடியில் கொஞ்சம் கரையும், ஐப்பசியில் மிச்சமும் கரையும். பாட்டா ஒவ்வொரு வருடமும் "இந்த வருஷம் கல்லு போட்டே தீருவேன்" என்பார். போடாமலே இறந்தார்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் காலையில் சித்தப்பா, அதாவது சின்னப் பாட்டாவின் மகன், மரத்தில் ஆள் ஏற்றிக் கிளை வெட்டினார். அப்பா போய்க் கேட்டார். வாய்ப்பேச்சு நடந்தது. அப்பா திரும்பி வந்தார், திண்ணையில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தார், மறுபடி போனார். மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தார். சித்தப்பாவின் இடது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

அன்று ராத்திரி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அது நடந்தே தீரணும்னு இருந்திருக்கு. எனக்க தலையெழுத்து."

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு வேலை. போன வருடம் சட்டம் படிக்கும் ஒரு தம்பிக்காக ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். டிட்டர்மினிசம், டிட்டர்மினேஷன் என்று இரண்டு சொற்கள் பக்கத்துக்குப் பத்துத் தடவை வந்தன. முதலாவதுக்கு நியதிவாதம் என்று போட்டேன். நடப்பதெல்லாம் அதற்கு முன் நடந்தவற்றால் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது என்ற கொள்கை. இரண்டாவதுதான் படுத்தியது. ஒரு இடத்தில் அது மன உறுதி, இன்னொரு இடத்தில் எல்லை நிர்ணயம், அடுத்த பக்கத்தில் கோர்ட் தரும் முடிவு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 111ஆம் பிரிவு, குத்தகை எப்படியெல்லாம் முடிவுக்கு வரும் என்று சொல்வதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. காலம் முடிந்தால் குத்தகை டிட்டர்மின் ஆகும். எப்படித் தமிழில் சொல்ல? எங்கள் ஊரில் "பாட்டம் தீர்ந்தாச்சு" என்பார்கள்.

அந்தத் "தீர்ந்தாச்சு" என்ற சொல்லில் கை நின்றுவிட்டது. தமிழில் தீர்மானம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வரிக்குத் தீர்வை என்று பெயர். அதோடு "நடந்தே தீரும்" என்கிறோம், அது நியதி. "செய்தே தீருவேன்" என்கிறோம், அது மன உறுதி. அப்பா அன்று ராத்திரி சொன்னதும் பாட்டா வருடா வருடம் சொன்னதும், கடைசியில் முன்சீப் கோர்ட்டில் வாசித்ததும், ஒரே வினைச்சொல்லிலிருந்து கிளம்பியவை. மனிதனை ஒன்றுமில்லாமல் ஆக்கும் பொருளும் அவனை நிமிர்த்தி வைக்கும் பொருளும் ஒரே "தீர்" என்ற சொல்லுக்குள் எப்படிச் சேர்ந்து குடியிருக்கின்றன?

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடினால் அது லத்தீன் 'தெர்மினுஸ்' என்ற சொல்லில் போய் முடிகிறது. தெர்மினுஸ் என்றால் எல்லைக்கல். படித்தபோது எனக்கு அயனி மரத்து மூடுதான் கண்ணில் வந்தது. ரோமர்களுக்குத் தெர்மினுஸ் ஒரு சாமியும்கூட. பிப்ரவரி 23 அன்று அந்தச் சாமிக்குத் திருவிழா. கல்லுக்கு இந்தப் பக்கத்து நிலக்காரனும் அந்தப் பக்கத்து நிலக்காரனும் வந்து, அவரவர் பக்கம் மாலை போட்டுப் படையல் வைப்பார்கள். எல்லைச் சாமி கும்பிடுகிற நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. தத்துவவாதி ஸ்பினோசா 1674இல் எழுதிய ஒரு கடிதத்தில், வரையறுப்பது என்பதே மறுப்பதுதான் என்கிறார். இதுவரை என்னுடையது என்று ஒரு கல்லை ஊன்றினால், அதற்கு அப்பால் இருப்பது என்னுடையதில்லை என்றும் சேர்த்தே சொல்லியாகிறது. அதைச் சொல்லத்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் முப்பது வருடமாக மனசு வரவில்லை.

நியதிவாதத்தைப் பற்றிப் பேசும் மேற்கத்திய நூல்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸிடம் தொடங்கும். 1814இல் அவர் ஒரு பேரறிவைக் கற்பனை செய்தார். உலகத்தின் ஒவ்வொரு துகளும் இந்தக் கணம் எங்கே இருக்கிறது, என்னென்ன விசைகள் அதன்மேல் இருக்கின்றன என்று அந்த அறிவுக்குத் தெரிந்தால், கடந்ததும் வருவதும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இந்த எண்ணம் நம் பக்கம் எவ்வளவோ பழசு. ஆசீவகம் என்ற பழைய சமயத்தின் மக்கலி கோசாலர், உயிரின் பயணத்தை எறிந்த நூலுருண்டைக்கு ஒப்பிட்டதாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. நூல் எவ்வளவு சுற்றியிருக்கிறதோ அவ்வளவு பிரியும், அத்தோடு நிற்கும். இழுத்து நீட்டவும் முடியாது, பாதியில் நிறுத்தவும் முடியாது.

கணியன் பூங்குன்றனார் சொன்னது இதைவிட என்னைத் தொடுகிறது. 'யாதும் ஊரே' என்ற முதல் வரியோடு நாம் நின்றுவிடுகிறோம். புறநானூற்றின் அந்த 192ஆம் பாட்டு உண்மையில் ஒரு நியதிப் பாட்டு. மலையில் மழை பெய்து பாறையில் மோதி வரும் பேராற்றில் நீர் போகிற வழியே போகும் தெப்பத்தைப் போல உயிர் முறைவழிப் போகும் என்கிறார். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைப் பாருங்கள். ஆகவே பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. எல்லாம் நியதி என்றால் ஒருவன் உயர்ந்ததும் தாழ்ந்ததும் அவனால் மட்டும் ஆனதில்லை. ஆதலால் இகழாதே. இவ்வளவு கனிவான நியதிவாதத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வள்ளுவரை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஊழைவிட வலியது எது என்று 380இல் கேட்டவர், தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறங்காண்பர் என்று 620இல் சொல்கிறார். இரண்டையும் எங்களுக்குத் தனித்தனி வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இரண்டும் ஒருவர் எழுதியதா என்று யாரும் நின்று கேட்கவில்லை. எனக்கு அது முரணாகப் படவில்லை. கழிந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது 380 உண்மை. நாளைக் காலை விளைக்கு இறங்கும்போது 620 உண்மை.

சரி, அப்பாவின் மண்வெட்டிக்கு வருகிறேன்.

அப்பாவுக்காக வாதாடிய வக்கீல் முதல் நாள் கேட்ட ஒரே கேள்வி: "மண்வெட்டி கையில இருந்ததா, போய் எடுத்துட்டு வந்தீங்களா?" அப்போது எனக்கு விளங்கவில்லை. வளர்ந்த பிறகு நானாவதி வழக்கின் தீர்ப்பைப் படித்தபோது விளங்கியது. கடற்படை அதிகாரி நானாவதி, மனைவிக்கு வேறொருவரோடு இருந்த உறவு தெரிந்ததும் குடும்பத்தைச் சினிமாவுக்குக் கொண்டு விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு, அப்புறம் அந்த ஆளைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றார். கடுமையான, திடீரென்ற தூண்டுதலால் நடந்தது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1961இல் ஏற்கவில்லை. தன்னிலை திரும்ப அவருக்குப் போதுமான நேரம் இருந்தது என்றது. எங்கள் திண்ணையிலிருந்து அயனி மரத்துக்கு நாற்பது காலடி. நான் எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறேன். அங்கிருந்து இங்கே நாற்பது, இங்கிருந்து அங்கே நாற்பது. சட்டம் அப்பாவின் சுதந்திரத்தை அந்த எண்பது காலடியில்தான் அளக்கும்.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உன் விருப்பத்துக்குக் காரணகாரியத் தொடர் உண்டா இல்லையா என்று கோர்ட் யாரையும் கேட்பதில்லை. அது கேட்பது வேறு. நீ செய்வது என்னவென்று உனக்குத் தெரிந்திருந்ததா? ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்தது குற்றமே ஆகாது. மனநிலை பிறழ்ந்து, செய்வது தவறென்று அறிய முடியாதவன் செய்ததும் குற்றமாகாது. பழைய தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 22ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியது, கேள்வி மாறவில்லை. ஒருவன் குற்றவாளி என்று முடிவான பிறகு, எவ்வளவு தண்டனை என்ற இடத்தில், சட்டம் கணியன் பூங்குன்றனாருக்கும் ஒரு நாற்காலி போடுகிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றத்தைப் பார்ப்பதோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றது. அவன் வயது, அவன் மனநிலை, அவன் திருந்த வாய்ப்புண்டா என்பதெல்லாம் அங்கே எடைக்கு வரும்.

மூளை ஆராய்ச்சியை வைத்து இதைக் கலைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனையில், கையை அசைக்க முடிவெடுத்ததாக ஆள் உணர்வதற்கு முன்பே மூளையில் அதற்கான தயாரிப்பு தொடங்கிவிடுவதைக் காட்டினார். இடைவெளி ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு அளவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விரலை அசைப்பதும் எண்பது காலடி நடப்பதும் ஒன்றா? அந்த எண்பது காலடியில் அம்மா "வேண்டாம்" என்று கத்தினாள். நான் வாசலில் நின்றேன். திரும்பி வந்திருக்கலாம் என்று அப்பாவே பின்னால் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

விதி என்ற சொல்லைக் கேட்டால் நான் கொதிப்பதற்கு இன்னொரு காரணம் ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் எங்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போனது. விளையில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் வீட்டு ஆண்களே திரும்பவில்லை. ஆழ்கடலுக்குப் போனவர்கள் புயல் உருவாவதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டவர்கள், எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. காற்றழுத்தம் தாழ்ந்தது யார் குற்றமும் இல்லை, அங்கே லாப்லாஸ் சொன்னதுதான் ஆட்சி. சட்டத்திலும் அதற்குக் கடவுள் செயல் என்று பெயர் உண்டு. ஆனால் எச்சரிக்கை போய்ச் சேராததும், தேடப் போகத் தாமதமானதும் காற்றழுத்தமில்லை. டிசம்பரில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது இந்த வேறுபாட்டைத்தான் கேட்டார்கள். தேடியே தீர வேண்டும் என்றார்கள்.

அப்புறம் இன்னொரு தீர்வு தேவைப்பட்டது. ஒருவர் காணாமல் போய் ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது அப்போது நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்து 108ஆம் பிரிவு. கடல் அந்த மனிதர்களுக்கு என்ன செய்தது என்பது ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிட்டது. மாற்றவே முடியாது. ஆனால் கரையில் இருந்த மனைவிக்கு அது முடியவில்லை. வங்கிக் கணக்கைத் தொட முடியாது, நிவாரணம் கிடையாது, துஷ்டி வீடு, அதாவது சாவு வீடு, என்று சொல்லவும் வாய் வராது. ஒக்கியில் போனவர்களுக்கு அந்த ஏழு வருடம் காத்திருக்க வைக்காமல் அரசு முன்னதாகவே ஏற்றுக்கொண்டு நிவாரணம் கொடுத்தது. நடந்தது என்ன என்று கண்டுபிடித்து அங்கே முடிவு சொல்லவில்லை. யாரோ ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, இதை இத்தோடு தீர்ப்போம் என்றார். சட்டத்தின் தீர்மானம் எப்போதும் இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் நில வழக்கும் அப்படியே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஒருமுறை இறுதியாகத் தீர்ந்த விஷயத்தை அதே ஆட்கள் மறுபடி கிளற முடியாது. பாட்டாவின் காலத்தில் கல் நிஜமாக எங்கே இருந்தது என்பது மண்ணுக்குத்தான் தெரியும்.

ஒரு மாவட்டத்தின் எல்லையும் இப்படித்தான் விழுந்தது. பாட்டா இளைஞராக இருந்தபோது, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. "நெய்யாற்றின்கரைக்காரன் எவ்வளவு ஆசைப்பட்டான் தெரியுமா" என்று பாட்டா சொல்லும்போது குரல் இறங்கிவிடும். மக்கள் உறுதியோடு நின்று கேட்டார்கள், யாரோ ஒரு கோடு போட்டார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

அப்பாவின் குற்ற வழக்கு ராசியாகி முடிந்தது. ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள், செலவைக் கொடுத்தோம். சித்தப்பா சம்மதித்தார், ஆனால் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவர் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பார்க்கப் போனேன். பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, அப்பா இன்றைக்கும் அதைத் தலையெழுத்து என்றுதான் சொல்கிறார் என்றேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

"அண்ணன் அடிச்சாருன்னா நான் பொறுத்துக்கிடுவேன் மக்களே. விதி அடிச்சுதுன்னா நான் யாருட்ட போய்ப் பொறுத்தேன்னு சொல்ல?"

பீட்டர் ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1962இல் ஆற்றிய ஒரு உரையில் இதையேதான் நீளமாக விளக்குகிறார். நியதிவாதம் உண்மையோ பொய்யோ, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் வைத்துக்கொள்ளும் கோபம், நன்றி, மன்னிப்பு இவையெல்லாம் அந்த விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஒருவர்மேல் நான் மனத்தாங்கல் கொள்கிறேன் என்றால் அவரை ஒரு ஆளாக மதிக்கிறேன் என்று பொருள். மழையின்மேல் யாரும் மனத்தாங்கல் கொள்வதில்லை. அந்த உரையை நான் படித்தது ஆஸ்பத்திரியில் சித்தப்பாவைப் பார்த்து வந்து பல வருடம் கழித்து. பாதியில் மூடிவிட்டு அப்பாவிடம் போய் சித்தப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் வக்கீலுக்குப் போன் போட்டு, மேல்முறையீடு வேண்டாம், சர்வேயரை வைத்து அளப்போம், எங்கே விழுகிறதோ அங்கே கல் போடுவோம் என்றார்.

அளந்தது இந்த வருடம் தை மாதம். சர்வேயர் புலப்படத்தை விரித்து வைத்து, மேற்கே ரோட்டோரம் இருந்த பழைய கல்லிலிருந்து டேப் பிடித்து வந்தார். நானும் சித்தப்பாவின் மகனும் ஆளுக்கொரு முனை. புள்ளி மரத்துக்கு மேற்கே விழுந்தது. மரத்திலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. மரம் அவர்களுக்கு.

அப்பாவுக்கு எழுபத்தி நான்கு வயது. குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இங்கயே நாட்டுங்க" என்றார்.

சித்தப்பாதான் குழி எடுக்கத் தொடங்கினார். இடது கை பிடி கொடுக்கவில்லை, இரண்டாவது வெட்டிலேயே மண்வெட்டி நழுவியது. மூன்றாவதில் வேரில் பட்டது.

"கொண்டா, நான் வெட்டுதேன்" என்று அப்பா கையை நீட்டினார்.

சித்தப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மண்வெட்டியைத் திருப்பி, பிடிப்பக்கம் அப்பாவிடம் வரும்படி கொடுத்தார். ஒன்றரை அடி ஆழம் வேண்டும் என்றார் சர்வேயர்.